எலக்ட்ரீஷியன் வராத நாளில் வீட்டுக்குக் கூடுதல் வெளிச்சம்: கடைக் கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. ஐப்பசி பிறந்தால் கூட்டம் வேறு மாதிரி இருக்கும். மழை இருட்டு, தீபாவளி, பின்னாலேயே கார்த்திகை. எலக்ட்ரீஷியன்களுக்கும் அப்போதுதான் கல்யாண மண்டபம், கோயில் என்று வேலை குவியும். “நாளைக்கு வர்றேன்” என்று சொன்னவரை நம்பி ஒரு வாரம் அரை இருட்டில் சமைத்தவர்கள் கடைசியில் இங்கே வந்து, “நாமளே ஏதாவது மாட்டிக்க முடியுமாண்ணே?” என்பார்கள். முடியும். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்னதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

எதுவரை நாமே செய்யலாம்? எங்கே கை வைக்கக் கூடாது?

ஒயருக்குள் இருக்கும் செம்பு கண்ணில் படாத வேலையெல்லாம் உங்கள் வேலை. செம்பு தெரிகிற வேலை எலக்ட்ரீஷியன் வேலை. நான் வைத்திருக்கும் கோடு அவ்வளவுதான். ஹோல்டரில் பல்பு மாற்றலாம், பிளக்கில் சொருகலாம், சார்ஜ் போட்டு மாட்டலாம், சோலார் லைட்டை மரத்தில் கட்டலாம். சுவிட்ச் போர்டைக் கழற்றுவது, ஃபேன் ஒயரிலிருந்து “ஒரு லைன் இழுத்துக்கொள்வது”, ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது, இவையெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இதை இன்னும் கறாராக வைத்துக்கொள்ள வேண்டும். மரப்பட்டி மேல் ஓடும் ஒயர், பீங்கான் ஃபியூஸ் கட்டை, எர்த் இல்லாத போர்டு, ஃபேஸும் (கரண்ட் வருகிற ஒயர்) நியூட்ரலும் (திரும்பிப் போகிற ஒயர்) இடம் மாறிய இணைப்பு எல்லாம் இன்னும் இருக்கின்றன. மழை நாளில் சுண்ணாம்புச் சுவர் தண்ணீரைக் குடித்து ஈரமாக நிற்கும். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நினைத்துத் தொடுகிற இடத்தில் 230 வோல்ட் இருக்கலாம்.

கூடம் இருட்டாக இருக்கிறது. எத்தனை வாட் போட்டால் போதும்?

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை, திருப்பிக் கேட்பேன்: “எந்த இடத்தில், என்ன செய்யும்போது இருட்டாக இருக்கிறது?” பத்தில் எட்டுப் பேருக்கு வாட் குறைவில்லை. விளக்கு தப்பான இடத்தில் இருக்கிறது.

ஓட்டு வீட்டின் கூடத்தில் உத்திரம் பத்து, பன்னிரண்டு அடி உயரத்தில் இருக்கும். அங்கே தொங்குகிற பல்பின் வெளிச்சம் கீழே வருவதற்குள் நீர்த்துவிடும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும். தூரம் கால்வாசியானால் பதினாறு மடங்காகும். 10 அடி மேலே இருக்கும் பல்பை இரண்டரை அடிக்குக் கொண்டுவந்தால், அதே பல்பு பூத்தொடுக்கிற கைக்குப் பதினாறு பல்பு வேலை செய்யும். சுவரிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தைச் சேர்த்தால் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் திசை மாறாது. மேலே 20 வாட் கூட்டுவதைவிடக் கைக்குப் பக்கத்தில் 3 வாட் வைப்பது மேல்.

பழைய வீட்டுச் சுவரில் மாடக்குழி இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு அகலுக்கு எவ்வளவு வெளிச்சம் உண்டு? அதை இடுப்பு உயரத்திலும் கண் உயரத்திலும் வைத்தார்கள், நடக்கிற வழியைப் பார்த்து வைத்தார்கள். கரண்ட் வந்ததும் நாம் எல்லாவற்றையும் கொண்டுபோய் உத்திரத்தில் கட்டிவிட்டோம்.

வாங்குமுன் ஒரு சோதனை. இரவு ஏழு மணிக்கு, இருட்டாக இருக்கிறது என்று சொல்கிற இடத்தில் போய் உட்காருங்கள். இன்னொருவர் செல்போன் டார்ச்சை இங்கும் அங்கும் பிடிக்கட்டும். எந்த இடத்தில் பிடித்தால் உங்களுக்குக் கை நிழல் விழாமல், கண் கூசாமல் தெரிகிறதோ, லைட் அங்கே. அதற்கப்புறம் கடைக்கு வாருங்கள்.

ஏற்கனவே இருக்கிற ஹோல்டரிலேயே வெளிச்சத்தைக் கூட்ட முடியுமா?

முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். 9 வாட் எல்.இ.டி. பல்பு பழைய 60 வாட் குண்டு பல்புக்கு ஈடு, சில சமயம் கொஞ்சம் கூட. வாட்டைப் பார்க்காமல் பெட்டியில் லூமென் பாருங்கள், வெளிச்சத்தின் அளவு அதுதான். 9 வாட்டுக்கு 800, 900 லூமென் போட்டிருக்கும். டியூப் லைட் மாதிரி நீளமாக வருகிற நாலடி எல்.இ.டி. பட்டி 20 வாட்டில் 2000 லூமென் தரும். 60 வாட் தாங்கிய ஹோல்டருக்கு 15 வாட், 20 வாட் எல்.இ.டி. பாரமே இல்லை. ஆனால் ஹோல்டர் கருகியிருந்தால், பல்பைத் திருப்பும்போது சேர்ந்து ஆடினால், அதில் எதையும் போடாதீர்கள்.

நம் ஊரில் பின் ஹோல்டர்தான் அதிகம். புதிதாக வாங்கிய அலங்கார விளக்கில் ஸ்க்ரூ ஹோல்டர் இருக்கும். இரண்டுக்கும் நடுவே போடுகிற சின்ன அடாப்டர் எந்தக் கடையிலும் கிடைக்கும். மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் பெரிய எல்.இ.டி. பல்பைப் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் சீக்கிரம் போய்விடும். அது கம்பெனிக் குற்றம் இல்லை.

இதையெல்லாம் விட மலிவான வழி ஒன்று: பழைய பட்டியைத் துடையுங்கள். சுவிட்சை அணைத்து, மெயினையும் இறக்கி, காய்ந்த துணியால். விறகடுப்புப் புகை ஏறிய டியூப், பல்லி எச்சம், செத்த ஈசல் எல்லாம் போனால் பாதி வெளிச்சம் திரும்பிவிடும்.

சமையலறையில் லைட் இருக்கிறது, ஆனால் காய் நறுக்குகிற இடம் மட்டும் இருட்டு. ஏன்?

உங்கள் நிழல்தான். லைட் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, நீங்கள் மேடையைப் பார்த்து நிற்கிறீர்கள். எவ்வளவு பெரிய பல்பு போட்டாலும் நிழல் இன்னும் கறுப்பாகுமே தவிர, போகாது. மேடைக்கு மேலே உள்ள ஷெல்ஃபின் அடியில், முன் விளிம்பை ஒட்டி ஒரு லைட் வேண்டும். ஒரு அடி, இரண்டு அடி நீளத்தில் ஒல்லிப் பட்டிகள் வருகின்றன, பிளக் வைத்தே கிடைக்கும். மிக்ஸிக்குப் போடுகிற பிளக்கில் போட்டுக்கொள்ளலாம். பிளக் இல்லை என்றால் காந்தப் பட்டையோடு வருகிற சார்ஜ் லைட். வாரம் ஒருமுறை கழற்றி, செல்போன் சார்ஜரில் போட்டு, திரும்ப ஒட்டவைப்பது.

அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறும். சார்ஜ் லைட்டுக்குள் இருப்பது லித்தியம் பேட்டரி, அதற்குச் சூடு ஆகாது. தொட்டியிலிருந்தும் ஒரு கை தூரம் தள்ளியே இருக்கட்டும்.

ஸ்ட்ரிப் லைட் வாங்கினேன். இரண்டே நாளில் சுவரிலிருந்து உரிந்து விழுந்துவிட்டது.

என் வீட்டிலும் விழுந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு மேலே ஏதோ ஊர்கிறது என்று என் மனைவி எழுப்ப, டார்ச் அடித்துப் பார்த்தால் 5 மீட்டர் ஸ்ட்ரிப் பாதி தொங்கிக்கொண்டிருக்கிறது. கடைக்காரன் வீட்டிலேயே இந்தக் கதி.

சுண்ணாம்பு அடித்த சுவரில் பசை எதுவும் நிற்காது. பசை ஒட்டுவது சுண்ணாம்புப் பொடியில்தான், சுவரில் இல்லை. பொடியோடு சேர்ந்து வந்துவிடும். பெயின்ட் அடித்த சுவர், டைல்ஸ், எண்ணெய் இல்லாத மரம், இரும்பு பீரோ, இவற்றில் நன்றாக ஒட்டும். ஓட்டு வீடு என்றால் கைமரத்தின் பக்கவாட்டில் ஒட்டி, அரை மீட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் கிளிப் அடித்துவிடுங்கள். ஒட்டுவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் காயவிட வேண்டும். மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் போதாது.

அடாப்டரையும் பாருங்கள். இந்த ஸ்ட்ரிப்களில் பெரும்பாலானவை 12 வோல்ட். ரோலில் மீட்டருக்கு 14.4 வாட் என்று இருந்தால், 5 மீட்டருக்கு 72 வாட், அதாவது 6 ஆம்பியர். வீட்டில் கிடந்த பழைய 2 ஆம்பியர் அடாப்டரைப் போட்டால் அது அடுப்பாகும். கணக்குக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வைத்து அடாப்டர் வாங்கவும். நீளம் அதிகம் என்றால் குறி போட்ட இடத்தில் மட்டும் வெட்டலாம். சுருட்டிய ரோலை அப்படியே எரியவிட்டுச் சோதிக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கி ஸ்ட்ரிப் கெட்டுவிடும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு எத்தனை லைட் எரிக்கலாம்?

லைட் மட்டும் என்றால் கவலையே இல்லை. சின்ன பிளக் 6 ஆம்பியர், 230 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 1380 வாட் வரும். 10 வாட் லைட் பத்து போட்டாலும் 100 வாட்தான். ஆபத்து, காலியாக இருக்கிறதே என்று அதே பாக்ஸில் அயர்ன் பாக்ஸும் இண்டக்ஷன் அடுப்பும் சொருகுவதில் வரும். ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் சொருகி, கூடத்திலிருந்து கொல்லை வரை ரயில் விடுகிறவர்களும் உண்டு. வேண்டாம்.

ஒயரைப் பாய்க்கு அடியில் விடாதீர்கள், கதவு இடுக்கில் நசுங்கவிடாதீர்கள், ஆணி அடித்து வளைத்து மாட்டாதீர்கள். இங்கே இன்னொரு விரோதி எலி. வயலில் அறுப்பு முடிந்ததும் வீட்டுக்குள் வருகிற எலி ஒயரின் மேல்தோலைத்தான் முதலில் கடிக்கும். மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒயர் முழுவதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். கடித்த ஒயரை டேப் சுற்றிப் பிழைக்க வைக்காமல் குப்பைக்கு அனுப்புங்கள்.

ஆற்றோரத்து வீடு, தாழ்ந்த மனை என்றால் பாக்ஸ் தரையில் இருக்கவே கூடாது. இரண்டடிக்கு மேலே ஒரு பலகை அடித்து அதில் வையுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு பிளக்கைப் பிடுங்கக் குனியக் கூடாது. மெயினை, அதுவும் காய்ந்த இடத்தில் நின்று எட்டுமானால், அங்கே இறக்குங்கள். எட்டாவிட்டால் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனையே நிறுத்தச் சொல்லுங்கள். மின்னகம் எண் 94987 94987.

த்ரீ-பின் டாப் என் பழைய போர்டில் நுழையவில்லை. பெரிய பின்னை ஒடித்துவிடலாமா?

ஒடிக்கக் கூடாது. அது எர்த். உலோக உடம்பு உள்ள டேபிள் லேம்ப், நின்ற விளக்கு எதற்கும் அந்தப் பின்தான் உயிர்க்காப்பு. உள்ளே ஒயர் விட்டுப்போய் உடம்பைத் தொட்டால், கரண்ட் எர்த் வழியாகப் போகும். எர்த் இல்லாவிட்டால் உங்கள் வழியாகப் போகும். பழைய டூ-பின் போர்டு மட்டும்தான் இருக்கிறது என்றால், பிளாஸ்டிக் உடம்புள்ள, சதுரத்துக்குள் சதுரம் குறி போட்ட விளக்கை வாங்குங்கள். அது இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை.

ராத்திரியில் அம்மா கொல்லைப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. என்ன வைக்கலாம்?

ஆள் வந்தால் தானே எரிகிற சென்சார் லைட். சார்ஜ் போடுவதாக வாங்கி, படுக்கும் அறை வாசலில் ஒன்று, தாழ்வாரத் திருப்பத்தில் ஒன்று, கொல்லைக் கதவருகே ஒன்று என மூன்று வையுங்கள். முழங்கால் உயரம் போதும். வெளிச்சம் தரையில் விழ வேண்டும், கண்ணில் இல்லை. வயதானவர்களுக்கு இருட்டில் திடீரென்று முகத்தில் வெளிச்சம் அடித்தால் அடுத்த படி தெரியாது.

இந்த சென்சார் உடம்புச் சூடு நகர்வதைப் பார்த்து வேலை செய்கிறது. அதனால் இரண்டு விஷயம். சித்திரை, வைகாசியில் காற்றே உடம்புச் சூட்டுக்குச் சமமாக இருக்கும்போது சென்சாருக்குப் பார்வை மங்கும், கிட்டே போனால்தான் எரியும். அது கெட்டுப்போகவில்லை, எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடி வர வேண்டாம்.

இரண்டாவது, முக்கியமானது. பாம்பின் உடம்பு சுற்றுப்புறத்தின் சூட்டிலேயே இருப்பதால் சென்சாருக்கு அது தெரியாது. லைட் எரியவில்லை, அதனால் கொல்லையில் ஒன்றும் இல்லை என்று கணக்குப் போடாதீர்கள். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளும் வரும். கொல்லைக்குப் போகிறவர் கையில் டார்ச்சும் காலில் செருப்பும் இருக்கட்டும். சென்சார் லைட் அதற்குக் கூடுதல் துணைதான்.

சோலார் லைட் மழைக்காலத்தில் எரியுமா?

மங்கலாக எரியும், சீக்கிரம் அணையும். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை பிடித்தால் மூன்றாம் ராத்திரி எதிர்பார்க்காதீர்கள். லைட்டும் சோலார் பலகையும் ஒட்டியே வருகிறதை வாங்காமல், நடுவில் ஒயரோடு தனித்தனியாக வருகிறதை வாங்குங்கள். லைட் தாழ்வாரத்துக்குள் இருக்கும், பலகை வெயிலுக்குப் போகும். நாம் 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம். பலகை தெற்கு பார்த்து, பத்துப் பதினைந்து டிகிரி சாய்வில் இருந்தால் போதும், மழையே அதைக் கழுவிவிடும். தென்னை மட்டை நிழல் படக் கூடாது. ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் மொத்தப் பலகையும் சோர்ந்துவிடும்.

பெட்டியில் “200 வாட்” என்று போட்டிருக்கும், பலகையோ உள்ளங்கை அகலம் இருக்கும். நம்பாதீர்கள். ஒரு சதுர அடிப் பலகை உச்சி வெயிலில் தருவதே 15 முதல் 18 வாட்தான். உள்ளங்கை அளவு என்றால் ஒன்றிரண்டு வாட். எனக்கு விற்பனைதான், ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் விற்கிறேன். வெளியில் மாட்டுவதற்கு ஐ.பி. 65 என்று போட்டிருக்க வேண்டும், தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிற எண் அது. ஐ.பி. 44 தாழ்வாரத்துக்குச் சரி, திறந்த வெளிக்கு ஆகாது.

லைட்டைக் கூட்டினால் பூச்சியும் கூடுகிறதே?

வயலை ஒட்டிய வீட்டில் தாளடி, சம்பா காலத்தில் இது தலைவலிதான். பச்சைத் தத்துப்பூச்சி, புகையான், அப்புறம் மழைக்கு மறுநாள் ஈசல். நெல்லுக்கு விளக்குப் பொறி வைக்கச் சொல்கிறார்களே, அதே விளையாட்டைத்தான் உங்கள் திண்ணை லைட்டும் ஆடுகிறது. நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் பூச்சியை அதிகம் இழுக்கும், மஞ்சள் வெளிச்சம் குறைவாக இழுக்கும். வாசலுக்கும் கூடத்துக்கும் 2700 கெல்வின் மஞ்சள் பல்பு. (கெல்வின் வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் கூடக் கூட வெள்ளை.) கொல்லைக் கோடியில் ஒரு 6500 கெல்வின் வெள்ளை பல்பு, சோலாரானாலும் சரி. அதன் அடியில் அகல வாய்ப் பாத்திரத்தில் தண்ணீரும் இரண்டு சொட்டு எண்ணெயும். பூச்சி அங்கே போகும். எல்லாம் போகாது.

மாட்டுக்கொட்டகைக்கு வீட்டிலிருந்து ஒயர் இழுக்கலாமா?

இழுக்காதீர்கள். கீற்றுக் கூரை, வைக்கோல், கோமியம் ஊறிய ஈரத்தரை, ஒயரை நக்கிப் பார்க்கிற மாடு. நாலு கால் ஈரத்தில் நிற்கிற மாட்டுக்கு மனிதனை விடக் குறைந்த வோல்ட்டே போதும், உயிர் போய்விடும். கொட்டகைக்குச் சார்ஜ் விளக்கோ சோலாரோதான், அதுவும் மாட்டின் தலைக்கு எட்டாத உயரத்தில். கன்று போடுகிற ராத்திரிக்கு ஒரு நல்ல ஹெட் டார்ச் வாங்கி வையுங்கள், இரண்டு கையும் சும்மா இருக்கும்.

இன்வெர்ட்டர் பல்பு வாங்கலாமா? கையில் பிடித்தாலே எரிகிறதே, ஷாக் அடிக்காதா?

அடிக்காது. கையில் இருக்கும்போது உள்ளே இருக்கிற சின்ன பேட்டரிதான் வேலை செய்கிறது, மூன்று நாலு வோல்ட். விரல் இரண்டு முனையையும் தொட்டதும், ஹோல்டரில் இருக்கிறோம் என்று பல்பு நினைத்துக்கொள்கிறது.

வாங்கலாம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, கம்பம் சாய்ந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்கள் இந்தப் பக்கம் எத்தனையோ. கடையில் டார்ச், பேட்டரி எதுவும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகுதான் இங்கே இந்த பல்புக்கு மவுசு வந்தது. ஆனால் அது ஒரு ராத்திரிச் சாமான். மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும். புயலுக்கு டார்ச்சும் சோலாருமே துணை.

எங்கே மாட்டுகிறீர்கள் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அந்த பல்பு எரியும்போதுதான் சார்ஜ் ஏறும். முழுதாக ஏற 8 முதல் 10 மணி நேரம் என்று பெட்டியில் இருக்கும். தினம் பத்து நிமிடம் எரிகிற குளியலறையில் மாட்டினால், கரண்ட் போகிற அன்று அது உங்களுக்கு முன்பே படுத்துவிடும். மாலை முழுவதும் எரிகிற கூடத்துக்கு, சமையலறைக்கு மாட்டுங்கள். கரண்ட் போனதும் சுவிட்சை அணைத்துவிடாதீர்கள், ஆனிலேயே இருக்க வேண்டும்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மினுக்கு மினுக்கு என்கிறது. பல்பு கெட்டதா?

பல்பைக் குறை சொல்லாதீர்கள், பல்பு உங்களுக்கு ஒரு சேதி சொல்கிறது. சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகக் கசிகிற துளிக் கரண்டே எல்.இ.டி.க்குப் போதும். அது தொல்லைதான், ஆபத்தில்லை. இண்டிகேட்டர் இல்லாமலே மினுக்கினால், சுவிட்ச் ஃபேஸை அறுக்காமல் நியூட்ரலை அறுக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அப்படியானால் அணைத்த பிறகும் ஹோல்டருக்குள் 230 வோல்ட் இருக்கிறது. குண்டு பல்பு காலத்தில் இது வெளியே தெரியாமல் இருந்தது. மெயினை இறக்காமல் அந்த ஹோல்டரைத் தொடாதீர்கள். எலக்ட்ரீஷியன் எத்தனை நாள் இழுத்தடித்தாலும் இதற்கு அவர்தான் வர வேண்டும்.

சுவரைத் தொட்டால் சுர்ரென்பது, எம்.சி.பி. திரும்பத் திரும்ப ட்ரிப் ஆவது, போர்டில் கருகல் வாசனை, இவையும் அதே கணக்கு. வருகிறவரிடம் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் சேர்த்து மாட்டச் சொல்லுங்கள். கசிவு வந்த கணத்தில் அது லைனை அறுத்துவிடும்.

மஞ்சளா, வெள்ளையா?

படிக்க, சமைக்க, கணக்கு எழுத 4000 கெல்வின். கூடத்துக்கு மஞ்சள். தஞ்சாவூர் ஓவியம் வைத்திருக்கிறவர்கள் ஒருமுறை வெள்ளை பல்பை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் மஞ்சள் வெளிச்சம் காட்டிப் பாருங்கள், தங்க ரேக்கு எழுந்து வரும். பிள்ளைகளின் மேஜை விளக்கு, வலது கையால் எழுதும் பிள்ளைக்கு இடது பக்கம்.

திருபுவனத்தில் தறி போட்டிருக்கிறோம். ராத்திரியில் அரக்கும் மெரூனும் ஒன்றாகத் தெரிகிறது. பெரிய பல்பு போட்டும் பயனில்லை.

பெரிய பல்பு உதவாது. உங்களுக்கு வேண்டியது சி.ஆர்.ஐ. 90க்கு மேல் இருக்கிற பல்பு. வெயிலில் நிறம் எப்படித் தெரியுமோ, அதற்கு எவ்வளவு நெருக்கமாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது, நூறுக்கு. கடையில் சாதாரணமாக வருவது 80. அதில் முதலில் அடிபடுவது சிவப்பு வகைகள்தான், பட்டுக்காரருக்கு அதுவே வாழ்க்கை. பெட்டியில் போட்டிருக்காவிட்டால் 80 என்றே வைத்துக்கொள்ளுங்கள். சோதிக்க, நடுப்பகலில் திண்ணை நிழலில் இரண்டு நூல்கண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதையே கடைக்குக் கொண்டுவாருங்கள். பல்பைப் போட்டுக் காட்டுகிறேன்.

தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவருக்கு லைட் தலைக்கு மேல் வேண்டாம், நெய்கிற துணியின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக வரட்டும். அறுந்த இழை நிழலாகத் தெரியும். கவ்விப் பிடிக்கிற டேபிள் லேம்ப் இரண்டு போதும்.

கொலுப்படிக்குச் சீரியல் செட் போடலாமா?

மலிவான சீரியல் செட்டில் பல்புக்கு மூன்று வோல்ட் என்றாலும், தோல் உரிந்த இடத்தில் உங்கள் விரலுக்கு வருவது வீட்டுக் கரண்ட்தான். பட்டுத்துணி விரித்த படி, காகிதப் பூ, எட்டிப் பிடிக்கிற குழந்தைகள் உள்ள இடத்தில் நான் வைக்க மாட்டேன். செல்போன் சார்ஜரில் சொருகுகிற 5 வோல்ட் ஸ்ட்ரிப் வாங்கி, ஒவ்வொரு படியின் விளிம்புக்கு உள்பக்கமாகப் போடுங்கள். பொம்மை தெரியும், லைட் தெரியாது. குத்துவிளக்கிலிருந்து தள்ளி.

படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்குச் சுவிட்ச் எட்டவில்லை.

ரிமோட்டோடு வருகிற ஹோல்டர் இருக்கிறது. பழைய ஹோல்டரில் அதை மாட்டி, அதில் பல்பை மாட்டினால் முடிந்தது. ரிமோட்டைக் கட்டில் காலில் கயிற்றால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அதைத் தேட ஒரு லைட் வேண்டும்.

இத்தனை லைட் போட்டால் பில் எகிறாதா?

9 வாட் பல்பு தினம் 5 மணி நேரம், 60 நாளுக்கு 2.7 யூனிட். நாலடி 20 வாட் பட்டி தினம் 6 மணி நேரம் என்றால் 7.2 யூனிட். இரண்டு மாத பில்லில் குறிப்பிட்ட யூனிட் இலவசமாக இருக்கிற ஊரில் லைட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஃபிரிட்ஜையும் ஏ.சி.யையும் பாருங்கள்.

வாங்கும்போது பெட்டியில் என்ன பார்ப்பது?

எல்.இ.டி. பல்புக்கு ஐ.எஸ். 16102 என்ற எண்ணும், ‘ஆர்’ என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும். பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை. பில் வாங்குங்கள், பல்பு அடியில் தேதியை எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

கரண்டே இல்லாமல் பகலில் உள்ளறைக்கு வெளிச்சம் வருமா?

எனக்கு விற்பனை இல்லாத பதில் இதற்குத்தான். ஓட்டு வீடு என்றால் கண்ணாடி ஓடு போடுங்கள். சீமை ஓட்டின் அச்சிலேயே கண்ணாடியில் வருகிறது. ஒரு ஓட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதை வைப்பது. பகல் பன்னிரண்டு மணிக்கும் லைட் போட்டுக்கொண்டிருந்த சமையலறைக்கு ஒரே ஒரு ஓடு போதும், அரிசியில் கல் தெரியும். கூடம் பெரிது என்றால் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம், வெயிலும் சேர்ந்து வரும். வடக்குச் சரிவில் வைத்தால் வெயில் குறைவாக விழும். நாட்டு ஓட்டுக்கு அச்சு ஓடு பொருந்தாது, கண்ணாடித் துண்டைச் செருகி வைப்பார்கள், அதில் ஒழுகாமல் வைப்பதுதான் கைத்திறன். வருடம் ஒருமுறை மழைக்கு முன் பாசியைத் துடைக்க வேண்டும்.

எலக்ட்ரீஷியன் வேண்டாம் என்று ஆரம்பித்தோம், இதற்கு ஓடு மாற்றுகிற ஆள் வேண்டும். நீங்களே கூரை ஏறாதீர்கள், ஓடு உங்கள் கனத்தைத் தாங்காது.

பழைய குண்டு பல்பு இன்னும் கிடைக்குமா அண்ணே?

கிடைக்கும், வைத்திருக்கிறேன். கோழிக்குஞ்சு வளர்க்கிறவர்கள் வந்து கேட்பார்கள். குண்டு பல்பு வாங்குகிற கரண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாகத்தான் போகிறது, குஞ்சுக்கு வேண்டியதும் அதுதான். எல்.இ.டி. வைத்தால் வெளிச்சத்தில் விறைத்துப் போகும். 60 வாட் ஒன்று, கூடைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில், வைக்கோலில் படாமல், பல்பைச் சுற்றிக் கம்பிக் கூண்டு போட்டது. குஞ்செல்லாம் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் இன்னும் இறக்குங்கள். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்துகொண்டிருந்தால் ஏற்றுங்கள்.